பிளேட்டிங் லைனுக்கு ரோபோ வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

கோவையில் சின்னதாக ஜிங்க் பிளேட்டிங் (இரும்புச் சாமானுக்குத் துத்தநாகப் பூச்சு) யூனிட் நடத்துகிறோம். போல்ட், பிராக்கெட் எல்லாம் ஜாப் ஒர்க்காக வரும். டேங்க் டேங்காக ஜிக்கை, அதாவது சரக்கு மாட்டும் சட்டத்தை, தூக்கி வைக்க ஆள் கிடைப்பதில்லை. அந்த நேரம் பார்த்து, ரோபோ போட்டுத் தருகிறோம் என்று ஒரு கம்பெனி வந்தது. பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

“ஐபி 67 சார், ஆசிட் ஒண்ணும் பண்ணாது” என்றார் விற்க வந்தவர். ஏமாற்று வேலையே இங்கேதான். ஐபி 67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது, அவ்வளவுதான். சோதிப்பது சாதாரணத் தண்ணீரில். ஆசிடில் துரு நீக்கும் பிக்லிங் டேங்கிலிருந்து எழும்பும் ஹைட்ரோகுளோரிக் ஆவிக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. ரோபோ கையின் உடம்பு பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. அதை ஆசிடும் அரிக்கும், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிகிரீசிங் டேங்கில் இருக்கிற காஸ்டிக் காரமும் அரிக்கும். இரண்டுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாதுகாப்பு உறை, உள்ளே காற்றழுத்தம் கொடுக்கும் ஏற்பாடு எதுவும் கொட்டேஷனில் இல்லை.

மழைக்காலம் முடிவதற்குள் மணிக்கட்டு மூட்டில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அப்புறம் சீல் போனது, மூட்டின் நிலையை அளக்கும் என்கோடர் அலாரம் அடிக்க ஆரம்பித்தது. ஒருநாள் ஜிக் பிக்லிங் ஆசிடுக்குள் இருக்கும்போதே கை நின்றுவிட்டது. உள்ளே இருந்தவை 10.9 கிரேடு, அதாவது அதிக வலிமையுள்ள போல்ட்டுகள். அந்த ரகம் ஆசிடில் கூடுதலாகக் கிடந்தால் ஹைட்ரஜன் ஏறி, இறுக்கிய பிறகு சொல்லாமல் கொள்ளாமல் உடையும். 200 டிகிரி சூட்டில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றி (பேக்கிங்) தருகிறோம் என்று சொல்லியும் வாடிக்கையாளர் கேட்கவில்லை. லாட் முழுவதும் ஸ்கிராப்.

பேலோடு, அதாவது ரோபோ தூக்கக்கூடிய எடை, அந்தக் கதை தனி. 20 கிலோ என்று எழுதியிருந்தார்கள். ஜிக்கைப் பிடிக்கும் கிரிப்பர் 5, ஜிக் 6, சரக்கு 12, கூட்டிப் பாருங்கள். டெமோவில் தூக்கிக் காட்டியது காலி ஜிக்கை. இப்போது கேட்டால், “சரக்கைக் குறைச்சு மாட்டுங்க சார்” என்கிறார்கள்.

வாரண்டித் தாளின் பின்பக்கத்தில், அரிக்கும் சூழலில் ஓட்டினால் செல்லாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி. பிளேட்டிங் லைனுக்கென்றே விற்ற மெஷினுக்கு! புது ஜிக்குக்குப் புரோகிராம் மாற்றலாம் என்றால் பாஸ்வேர்டு அவர்களிடம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி பில்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், எந்த ஆசிட், எத்தனை சதவீதம், என்ன சூடு என்பதை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதி, வாரண்டி அதற்கும் செல்லும் என்று கையெழுத்து வாங்குங்கள். டெமோவை உங்கள் டேங்கிலேயே, முழுச் சரக்கு மாட்டிய ஜிக்கோடு பாருங்கள். பாஸ்வேர்டும் புரோகிராம் பேக்கப்பும் கைக்கு வராமல் கடைசித் தவணையை விடாதீர்கள்.

எங்களுடையதைப் போல டேங்குகள் நேர்வரிசையில் இருந்தால், தண்டவாளத்தில் ஓடும் பிஎல்சி ஹாய்ஸ்டே (தானியங்கிக் கட்டுப்பாட்டில் தூக்கி இறக்கும் கருவி) போதும். பழைய தொழில்நுட்பம்தான், ஆனால் இந்த வேலைக்கென்றே வந்தது. நாங்களும் அதைத்தான் போட்டிருக்கிறோம். ரோபோவைச் சரிசெய்து, டேங்குகளிலிருந்து தள்ளி, காய்ந்த சரக்கை இறக்கும் முனைக்கு மாற்றிவிட்டோம். அங்கே ஒழுங்காக ஓடுகிறது. பாஸ்வேர்டு மட்டும் இன்னும் வரவில்லை.