“ஃபிளாட்டுக்குன்னே இருக்கிற பிரீடு மேடம்” என்று சொல்லி நாய்க்குட்டி விற்பவர்களிடம் எச்சரிக்கை

சென்னையில் ஃபிளாட்டில் இருந்துகொண்டு நாய்க்குட்டி தேடுகிறவர்கள், யாருக்கும் அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் குட்டிகளின் படம் போட்டு, வாட்ஸ்அப்பில் விலை பேசி, ஜிபேயில் பணம் வாங்கிக்கொண்டு, மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் குட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிற ஒருவர் எங்களை ஏமாற்றினார். பக்கத்தின் பெயரையும் நம்பரையும் அவர் மாற்றிக்கொண்டே இருப்பதால், பெயரைவிட அவர் செய்கிற விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

எங்கள் நிலைமையை முதல் நாளே அவரிடம் முழுசாகச் சொல்லிவிட்டோம். மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம், சின்ன பால்கனி. நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறவர்கள், பையன் ஸ்கூல் முடிந்து வரச் சாயங்காலம் ஆகிவிடும். பகலெல்லாம் வீடு பூட்டித்தான் கிடக்கும். எங்கள் ஹால் சுவருக்கு அந்தப் பக்கம் இதய ஆபரேஷன் ஆன பெரியவர் ஒருவர் இருக்கிறார், அதனால் சத்தம் போடாத நாய்தான் வேண்டும் என்று வாய்ஸ் மெசேஜில் அழுத்திச் சொன்னேன். அந்த மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. அவர் பதிலும் இருக்கிறது: “அப்படின்னா பீகிள்தான் மேடம். ஃபிளாட்டுக்குன்னே இருக்கிற பிரீடு. சின்ன சைஸ், கம்முனு கெடக்கும். லேப்ல டெஸ்ட் பண்றதுக்கே இதைத்தான் வெச்சிருக்காங்க, அவ்ளோ சாது.”

ஆய்வகங்களில் பீகிள் வைத்திருப்பது உண்மைதான். மனிதர்கள் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ளும், எளிதில் கடிக்காது என்பதால்தான் அந்தப் பாவப்பட்ட ஜீவன்களை அங்கே வைத்திருக்கிறார்கள். அதற்கும் குரலுக்கும் சம்பந்தமே இல்லை. பீகிள் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காகக் கூட்டம் கூட்டமாக வளர்த்த மோப்ப நாய். மோப்பம் பிடித்ததும், பின்னால் தூரத்தில் வருகிற வேட்டைக்காரருக்குக் கேட்கிற மாதிரி நீட்டிக் குரல் கொடுக்க வேண்டும் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம். கூட்டத்தோடு ஓடிப் பழகிய நாய்க்குத் தனிமை ஆகவே ஆகாது. பகலெல்லாம் பூட்டியிருக்கும் வீட்டுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் நோயாளி இருக்கும் வீட்டுக்கு, இதைவிடப் பொருந்தாத நாயைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். நாய் வியாபாரம் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. அவரிடம் அந்த வாரம் கையில் இருந்தது பீகிள் குட்டிகள். யார் என்ன கேட்டிருந்தாலும் பதில் பீகிள்தான்.

குட்டியை வீட்டில் வந்து பார்க்கிறோம், தாய் நாயைக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, “அம்மா நாய் புது ஆளுங்களப் பார்த்தா டென்ஷன் ஆயிடும்” என்று ஒரு வீடியோ அனுப்பினார். சிவப்புத் தரை, மூலையில் நீல பக்கெட், தாயின் மடியில் நான்கு குட்டிகள். நாங்கள் தேர்ந்தெடுத்த குட்டிக்குக் கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை முழு வளையமாக இருந்தது. சொன்ன நாளில் பைக்கில் வந்து ஒரு பழக்கூடையைத் திறந்து கொடுத்த குட்டிக்கோ அந்தப் பட்டை பாதிக்கழுத்தோடு நின்றது. கேட்டால், “வளர வளர மார்க்கிங் மாறும் மேடம்” என்றார். மீதிப் பணம் வந்ததும் ஒரு மஞ்சள் ஊசி அட்டையைக் கொடுத்துவிட்டு, “கேசிஐ பேப்பர் பின்னால கொரியர்ல வரும்” என்று கிளம்பிவிட்டார். கெனல் கிளப் ஆஃப் இந்தியா கொடுக்கிற வம்சச் சான்றிதழ் அது. இன்றுவரை வரவில்லை.

பையன் லட்டு என்று பேர் வைத்தான்.

மறுநாள் டாக்டரிடம் காட்டினோம். அவர் அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் லட்டுவின் வாயைத் திறந்து, ஈறில் விரலை வைத்துத் தடவினார். முன் பற்கள் அப்போதுதான் முளைத்திருந்தன, கடைவாய்ப் பக்கம் வெறும் ஈறு. “ரெண்டு மாசம்னு யார் சொன்னது? இதுக்கு ஒரு மாசம்தான் இருக்கும்” என்றார். பிறகு அட்டையைக் காட்டி விளக்கினார். தடுப்பூசி போடும் டாக்டர் மருந்துக் குப்பியில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து அட்டையில் ஒட்டுவார். அதில் மருந்தின் பெயரும் பேட்ச் நம்பரும் காலாவதி தேதியும் இருக்கும். பக்கத்தில் டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்கும். எங்கள் அட்டையில் நீல மையில் ஒரு தேதி முத்திரை மட்டும்தான் இருந்தது. வயிறு உப்பியிருந்தது சாப்பாட்டினால் இல்லை, பூச்சியினால்.

அன்று ராத்திரியே வாந்தி ஆரம்பித்தது. விடிவதற்குள் ரத்தம் கலந்த பேதி. அந்த நாற்றத்தை ஒரு தடவை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். மலத்தை டெஸ்ட் கிட்டில் வைத்துப் பார்த்ததில் பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் தொற்று வைரஸ். டிரிப்ஸ் ஏற்ற, அந்தச் சின்னக் காலில் நரம்பு கிடைக்காமல் தேடித் தேடிக் குத்தினார்கள். குட்டி கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. குட்டிக்குக் கொடுத்த விலையைவிட ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது அதிகம். லட்டு பிழைத்துவிட்டான். சிகிச்சை கிடைக்காவிட்டால் பிழைக்காத குட்டிகள்தான் நிறைய.

விற்றவரைக் கூப்பிட்டால், “உங்க வீட்லதான் ஏதோ தொத்திருக்கு, எங்ககிட்ட நல்லா இருந்துச்சு” என்றார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பார்வோ கிருமி உடம்புக்குள் போய் நோயாக வெளிப்பட பொதுவாக மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும். வாங்கி வந்த மறுநாளே வாந்தி எடுக்கிற குட்டி அந்தக் கிருமியை விற்றவரிடமிருந்துதான் கொண்டுவந்திருக்கிறது. அதைச் சொன்னதும், “சரி மேடம், அது போச்சுன்னா வேற குட்டி ஃப்ரீயா தரேன்” என்றார். எனக்கு உடம்பே ஆடிப்போய்விட்டது. உயிருக்குப் போராடுகிற ஒன்றைப் பற்றிப் பேசுகிறோம் என்பது ஒருபக்கம். பார்வோ வந்த வீட்டில் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண ஃபினாயிலுக்குச் சாகாது, பிளீச் போட்டுத் துடைத்தால்தான் போகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஊசி போடாத இன்னொரு குட்டியைக் கொடுப்பது அதையும் சாகக் கொடுப்பதுதான். “ரீப்ளேஸ்மென்ட் கேரண்டி” என்று ஒருவர் விளம்பரம் செய்தால், அவர் விற்கிற குட்டிகள் செத்துப்போவது அவருக்கே தெரியும் என்று அர்த்தம் செய்துகொள்ளுங்கள்.

லட்டு தேறி வளர்ந்த பிறகுதான் “கம்முனு கெடக்கும்” என்ற பொய்யின் முழுக்கனமும் தெரிந்தது. நாங்கள் கதவைப் பூட்டிய கொஞ்ச நேரத்தில் அவன் தலையை நிமிர்த்தி ஊளையிடத் தொடங்குவான் என்று வாட்ச்மேன் அண்ணன் சொன்னார். கீழே கேட் வரைக்கும் கேட்குமாம். பக்கத்து வீட்டுப் பெரியவரின் மகள் ஒருநாள் வந்து, சண்டை போடாமல், “அக்கா, அப்பா மத்தியானம் தூங்கியே ரொம்ப நாளாச்சு” என்றாள். விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்படி அசோசியேஷன் யாரையும் நாய் வளர்க்கக் கூடாது என்று தடுக்க முடியாது. எங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் ஒருவர் அதைச் சொல்லி எனக்கு ஆதரவாகப் பேசினார். ஆனால் அந்த வழிகாட்டுதலால் பெரியவருக்குத் தூக்கம் வராதே! இப்போது பகலில் லட்டுவைப் பணம் கொடுத்து ஒரு பராமரிப்பு வீட்டில் விடுகிறோம். சாயங்காலம் அவன் இஷ்டத்துக்கு மோப்பம் பிடித்துக்கொண்டு நடக்க விட்டால் ராத்திரி அமைதியாக இருக்கிறான். அவன் மேல் துளி குற்றமில்லை. அவன் பிறவிக் குணம் அது. நாயைத் தெருவில் விடுகிற கதைகள் இப்படிப்பட்ட பொய்களில்தான் தொடங்குகின்றன என்பதுதான் என் ஆத்திரமே.

ஃபிளாட்டுக்கு நாய் தேடும்போது சைஸைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உருவத்தில் பெரிய கிரேஹவுண்ட் பாதி நாள் தூங்கியே கழிக்கும். சின்ன பொமரேனியன் லிஃப்ட் சத்தத்துக்கெல்லாம் குரைக்கும். நாய் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், அந்த இனம் எந்த வேலைக்காக உருவாக்கப்பட்டது, சென்னை வெயிலைத் தாங்குமா, இந்த மூன்றும்தான் முக்கியம். பக், ஃபிரெஞ்ச் புல்டாக் மாதிரி முகம் சப்பையான நாய்கள் மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டும், அந்த மூச்சுக்கே அதுகள் திணறும். 2024இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கை பக், ஹஸ்கி உட்பட சில வெளிநாட்டு இனங்கள் நம் தட்பவெப்பத்துக்கு ஆகாது என்று பட்டியலே போட்டது. அதை எதிர்த்து வழக்கும் போனது. ஆனால் மே மாத மத்தியானம் ஏசி இல்லாத ஹாலில் ஒரு ஹஸ்கியைப் பார்த்தவர்களுக்குத் தீர்ப்பு தேவைப்படாது. ஷிட்ஸு சத்தம் குறைவு, ஆனால் தினமும் முடி வாரிவிட ஆள் வேண்டும். நம்ம ஊர் நாய் என்று ராஜபாளையத்தையோ சிப்பிப்பாறையையோ சின்ன வீட்டில் அடைப்பதும் கொடுமைதான். ஒன்று காவல் நாய், மற்றது ஓடி வேட்டையாடுவது.

என்னைக் கேட்டால், வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு இரண்டு மூன்று வயதான நாட்டு நாயைத் தத்தெடுப்பதுதான் நல்லது. குரைக்குமா, தனியாக இருக்குமா, குழந்தைகளிடம் எப்படி என்பதெல்லாம் வளர்ந்த நாயிடம் ஏற்கெனவே தெரிந்துவிடும். வெயிலும் பழகினதுதான். புளூ கிராஸ் போன்ற இடங்களில் அப்படி எத்தனையோ நாய்கள் காத்திருக்கின்றன.

குட்டிதான் வாங்குவீர்கள் என்றால், 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், இடைத்தரகரும் இதில் அடக்கம். பதிவு எண்ணைக் கேளுங்கள். தாய் நாயை நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். கேசிஐ பேப்பர் உண்டு என்றால் மைக்ரோசிப் இருக்க வேண்டும், டாக்டரிடம் ஸ்கேன் செய்து நம்பர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்தப் பேப்பரும் வம்சத்தைத்தான் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா இருக்காதீர்கள். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். குட்டி கொடுத்து ஏமாற்றியிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், நீங்கள் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. பணம் போன யூபிஐ ஐடி, வாய்ஸ் மெசேஜ், ஊசி அட்டை, டாக்டரின் ரிப்போர்ட் எதையும் அழிக்காதீர்கள். நாங்கள் புகார் கொடுத்திருக்கிறோம்.

போன வாரம் வேறொரு பெயரில் இருக்கும் பக்கத்தில் அதே வீடியோவைப் பார்த்தேன். சிவப்புத் தரை, நீல பக்கெட், கழுத்தில் முழு வளையம் போட்ட அதே குட்டி, “45 நாள், அவைலபிள்” என்று. லட்டு வளர்ந்து பெரியவனாகிவிட்டான், அந்த வீடியோ குட்டிக்கு இன்னும் 45 நாள். இந்த வீடியோ உங்களுக்கு வந்தால் பணம் அனுப்பாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.