சீனா கார்கோவுல கேப்டன் வேலை: ஹாங்காங், வளைகுடா, லக்ஸம்பர்க், சென்னை கூட வச்சுப் பாத்தா

போயிங் 757 விமானம் ஓட்டுற பசங்க நாலஞ்சு பேரு என்கிட்ட இதே கேள்விய கேட்டுட்டாங்க, "அண்ணே சீனா கார்கோவுக்கு போலாமா, இல்ல ஹாங்காங், துபாய் பக்கம் பாக்கலாமா, இல்ல சென்னையிலயே இருந்துடலாமா"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லிட்டு இருக்கறத விட ஒரே தடவையா எழுதிடறேன். நான் 2017 கடைசில இருந்து 2020 வரைக்கும் தென் சீனாவுல ஒரு கார்கோ கம்பெனில 757 கேப்டனா இருந்தேன், கம்பெனி பேரு வேணாம். எல்லாரும் சம்பளத்த வச்சுதான் ஒப்பிடறாங்க. என்னைக் கேட்டா அவங்களுக்கு நீங்க தேவைப்படாம போற நாள் வந்தா அன்னைக்கு உங்க கையில என்ன இருக்கும்ங்கறத வச்சுதான் இந்த அஞ்சு இடத்தையும் எடை போடணும், ஏன்னு கீழ வரேன்.

முதல்ல யாருக்கு கதவு திறக்கும்னு பாத்துடலாம். சீனாவுல வெளிநாட்டு பைலட்ட எடுக்கறதே கேப்டன் பஞ்சத்துக்காகத்தான். ஃப்ளீட் வேகமா வளந்துச்சு, ஃபர்ஸ்ட் ஆஃபீசர்ங்கள (துணை பைலட்டுங்கள) அவங்களே படிக்க வச்சு கொண்டு வந்துட்டாங்க, ஆனா ஒரு பையன் லெஃப்ட் சீட்டுக்கு, அதாவது கேப்டன் சீட்டுக்கு, வர வருஷக்கணக்குல ஆகும்ல, அந்த இடைவெளிய அடைக்கத்தான் நம்மள கூப்பிட்டாங்க. அதனால ரைட் சீட்ல இருக்கற தம்பிங்க சீனாவ மறந்துடுங்க, உங்களுக்கு அங்க பொதுவா வேலையே கிடையாது. அதே டைப்ல, அதாவது அதே ரக விமானத்துல, கேப்டனா பறந்த மணிக்கணக்கு இருக்கணும், அதுவும் சமீபத்துல பறந்ததா இருக்கணும்.

757 கேப்டனுக்கு இந்த விஷயம் கொஞ்சம் தனி. போயிங் இந்த விமானத்த 2004-லயே தயாரிக்கறத நிறுத்திட்டான், பயணிகள் பக்கம் குறைஞ்சுட்டே வருது, இனிமே இந்த ரேட்டிங்குக்கு (ஒரு ரக விமானத்த ஓட்டற தகுதிக்கு) சோறு போடப்போறது கார்கோதான். சென்னைய தலைமையிடமா வச்சு பறக்கற ப்ளூ டார்ட்கிட்ட 757 இருக்கறது ஆறு. ஷென்சென்ல இருக்கற எஸ்எஃப் ஏர்லைன்ஸ்கிட்ட அத விட பல மடங்கு இருக்கு, கூடவே 767-உம், அந்த ரெண்டுக்கும் ரேட்டிங் பொதுவானது, வித்தியாசத்துக்கு மட்டும் பயிற்சி எடுத்தா போதும். எஸ்எஃப் 2009 டிசம்பர் கடைசில பறக்க ஆரம்பிச்ச கம்பெனி, இன்னைக்கு சீனாவுலயே பெரிய கார்கோ ஃப்ளீட் அவங்களோடதுதான். ஹாங்காங் கேத்தே பசிபிக்கிட்ட கார்கோவுக்குன்னு 747-400-உம் 747-8-உம், லக்ஸம்பர்க் கார்கோலக்ஸ்கிட்ட அதேதான், துபாய், தோஹாவுல 777. அதாவது 757-ல இருந்து அங்கெல்லாம் போனா நீங்க புது ஆளு, பெரும்பாலும் ரைட் சீட்ல இருந்துதான் மறுபடி ஆரம்பிக்கணும். தோள்ல நாலு பட்டை போட்டவனுக்கு மூணு பட்டைக்கு இறங்கறது மனசுக்கு கஷ்டம்தான், ஆனா அத வச்சு முடிவெடுத்தா தப்பாயிடும்.

சம்பளம் சீக்கிரமா சொல்லிடறேன். நான் போன சமயத்துல சீனாவுல வரி போக கையில மாசம் 20 ஆயிரம் டாலருக்கு மேலன்னு பைலட் எடுத்துக் குடுக்கற ஏஜென்சிங்க விளம்பரம் போட்டுட்டு இருந்தாங்க, பெரிய விமானத்துக்கு இன்னும் கூட. அந்த தொகை அப்ப துபாய்லயும் ஹாங்காங்லயும் புதுசா சேர்றவனுக்கு கிடைக்காது, சென்னைய சொல்லவே வேணாம். ஆனா துபாய்ல வீடு, பசங்க ஸ்கூல் ஃபீஸ், குடும்பத்துக்கு மெடிக்கல் எல்லாம் பேக்கேஜ்லயே வரும், சீனா கான்ட்ராக்ட்ல அந்த மாசத் தொகை மட்டும்தான் உங்களுது. ஓய்வூதியம் கிடையாது, சீனியாரிட்டி நம்பர் கிடையாது, அடுத்த கம்பெனிக்கு போனா ஒண்ணும் கூட வராது. மூணு வருஷ கான்ட்ராக்ட்ட மூணு வருஷத்துக்கு மட்டும் கணக்கு போடுங்க, வீட்டு லோன அத நம்பி இருபது வருஷத்துக்கு எடுக்காதீங்க.

உள்ள போறது பெரிய வேலை. சிமுலேட்டர் செக் நமக்கு பழக்கம்தான், பயம் என்னன்னா சிஏஏசி (சீன விமானத்துறை) மெடிக்கல். இந்தியாவுல வருஷா வருஷம் க்ளாஸ் 1 மெடிக்கல் பாஸ் ஆகிட்டு இருந்தவங்களே அங்க திரும்பி வந்திருக்காங்க, என் கூட வந்த ஒருத்தர் வயித்து ஸ்கேன்ல என்னமோ சின்னதா தெரிஞ்சதுக்கு மூணாவது நாளே பெட்டிய கட்டிட்டாரு. அப்புறம் அவங்க ஏடிபிஎல் (ஏர்லைன் பைலட் லைசென்ஸ்) எழுத்துத் தேர்வு, அப்புறம் லாக்புக்ல (பறந்த மணி எழுதற புத்தகத்துல) இருக்கற ஒவ்வொரு வருஷத்துக்கும் பழைய கம்பெனிகிட்ட இருந்து கடுதாசி, விபத்து இல்லன்னு கடுதாசி, போலீஸ் சான்றிதழ், இதெல்லாம் ஓடி முடிய மாசங்கள் ஆகும், அது வரைக்கும் முழு சம்பளம் வராது. இதுல நம்ம ஊர்க்காரங்களுக்கு இன்னொரு முடிச்சு என்னன்னா டிஜிசிஏ (இந்திய விமானத்துறை) 2017-ல கேப்டனுக்கு நோட்டீஸ் காலம் ஒரு வருஷம்னு ஆக்கிடுச்சு, அதனால இங்க ராஜினாமா குடுத்துட்டு அங்க மெடிக்கல்ல தோத்தா நடுத்தெருதான். கையில லீவு எடுத்து ஸ்க்ரீனிங் போய் பாஸ் ஆயிட்டு அதுக்கப்புறம் நோட்டீஸ் குடுங்க, யாரு என்ன அவசரப்படுத்தினாலும் சரி. ஹாங்காங்லயும் லைசென்ஸ் மாத்தறதுக்கு ஏகப்பட்ட பேப்பர் எழுதணும், ஆனா அங்க எழுதறது உங்க நீண்டகால வேலைக்கு. லக்ஸம்பர்க்குக்கு ஐரோப்பிய லைசென்ஸும் அங்க வேலை பாக்கற உரிமையும் வேணும், இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கற பெரும்பாலானவங்களுக்கு அது அங்கயே முடிஞ்சுடும்.

இப்ப வேலைக்கு வரேன், இதப்பத்தி யாரும் விளக்கமா சொல்ல மாட்டேங்கறாங்க.

உள்நாட்டு எக்ஸ்பிரஸ் கார்கோன்னா ராத்திரி வாழ்க்கை. பகல் முழுக்க கூரியர்காரங்க பார்சல் சேர்ப்பாங்க, ராத்திரி பத்து பதினொரு மணிக்கு மேல எல்லா ஊர்ல இருந்தும் விமானம் கிளம்பி நடுராத்திரி தாண்டி ஹப்ல (எல்லா பார்சலும் சேர்ற மைய ஏர்போர்ட்ல) வந்து இறங்கும், அங்க பிரிச்சு அடுக்கினதும் விடியறதுக்கு முன்னாடி திரும்ப ஏத்திட்டு போகணும். அமெரிக்காவுல மெம்ஃபிஸ்ல ஃபெட்எக்ஸ் பண்ணின அதே முறைதான், 2022 ஜூலைல ஹூபேய் மாகாணத்துல திறந்த எஜோ ஏர்போர்ட்ட எஸ்எஃப் அத மாதிரியேதான் கட்டியிருக்காங்க, 3,600 மீட்டர்ல ரெண்டு ரன்வே, ஆசியாவுலயே கார்கோவ மையமா வச்சு கட்டின முதல் ஏர்போர்ட். நமக்கு இதுல என்னன்னா, உடம்பு ரொம்ப தூங்கத் துடிக்கற ரெண்டு மணில இருந்து ஆறு மணிக்குள்ளதான் உங்க லேண்டிங்கும் டேக்ஆஃபும் வரும், வாரம் முழுக்க. சென்னை 757-லயும் இதே ராத்திரிதான், அங்க இருந்து போறவங்களுக்கு இது புதுசு இல்ல. கேத்தே, கார்கோலக்ஸ் மாதிரி நீண்டதூர கார்கோல களைப்பு வேற மாதிரி, நேர மண்டலம் மாறி மாறி வரும், ஆனா நாலு பேர் க்ரூ, பங்க்ல (விமானத்துக்குள்ளயே இருக்கற படுக்கைல) படுக்கலாம், ஒரே ராத்திரில மூணு லேண்டிங் கிடையாது. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல எனக்கு எது பரவால்லன்னு கேட்டா பங்க்தான்.

அடுத்தது மீட்டர். சீனாவுல உயரத்த கன்ட்ரோலர் மீட்டர்லதான் குடுப்பான். "10,100 மீட்டர்"னா நீங்க 33,100 அடி வைக்கணும், 9,500-னா 31,100 அடி, 2007 நவம்பர்ல இருந்து இந்த அட்டவணைதான், நீங்களா மனக்கணக்குல மாத்தவே கூடாது, அட்டவணைய பாத்துத்தான் வைக்கணும். காத்து வேகமும் நாட்ஸ் (knots, மணிக்கு கடல் மைல்) கணக்குல இல்ல, வினாடிக்கு மீட்டர். ஒரு மாசத்துல பழகிடும், ஆனா ராத்திரி மூணு மணிக்கு, குன்மிங் மாதிரி ஏர்போர்ட்டே கடல் மட்டத்துல இருந்து 2,100 மீட்டர் மேல இருக்கற ஊர்ல இறங்கும்போது ரெண்டு பேரும் அட்டைய விரல் வச்சு பாத்து வாய்விட்டு சொல்லித்தான் வைக்கணும், நான் கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான் பண்ணினேன். ஹாங்காங் வான்வெளில அடிதான், வளைகுடாவுலயும் அடிதான்.

இதெல்லாம் பழகினாலும் ரேடியோ மட்டும் எனக்கு கடைசி வரைக்கும் பழகல. கன்ட்ரோலர் எனக்கு இங்கிலீஷ்ல பேசுவான், எனக்கு முன்னாடி போற விமானத்துக்கு சீன மொழியில. நம்ம ஊர்ல பறக்கும்போது காதுல விழறத வச்சே மண்டைக்குள்ள ஒரு படம் ஓடிட்டு இருக்கும்ல, யாரு எங்க இருக்கான், யாரு இறங்காம திரும்ப மேல ஏறி கோ அரவுண்ட் போனான், முன்னாடி போனவன் டர்புலன்ஸ்னு சொன்னானான்னு, அந்த படம் அங்க பாதிக்கு பாதி அழிஞ்சு போச்சு. ஒரு ஜூலை ராத்திரி முன்னாடி போன மூணு பேரும் புயல் மேகத்துக்கு இடதுபக்கம் ஒதுங்க அனுமதி வாங்கிட்டாங்க, எனக்கு அது தெரியாது, பக்கத்துல இருந்த ஃபர்ஸ்ட் ஆஃபீசர் எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தான், ஆனா கேப்டன் கேக்காம நாம சொல்றதான்னு மரியாதைக்கு பேசாம இருந்துட்டான். ராடார்ல பாத்து நான் கேட்டப்பதான் சொன்னான். அன்னைல இருந்து ஒவ்வொரு ப்ரீஃபிங்லயும் "நீ கேக்கறத எல்லாம் எனக்கு இங்கிலீஷ்ல சொல்லு, நான் கேக்காட்டியும் சொல்லு, அதுதான் எனக்கு நீ குடுக்கற மரியாதை"ன்னு சொல்லிடுவேன், அதுக்கப்புறம் அந்த பசங்க பிரமாதமா உதவி பண்ணாங்க. வான்வெளில பெரும்பகுதி ராணுவத்து கையில இருக்கறதால நினைச்ச பக்கம் ஒதுங்கவும் முடியாது, சீக்கிரமே கேட்டு வைக்கணும். ஹாங்காங்ல, துபாய்ல, ஐரோப்பாவுல இந்த பாரம் இல்ல, அதுக்கு விலை போட முடியாது.

ஒவ்வொரு ஃப்ளைட்டோட டேட்டாவும் எல்லா நாட்லயும்தான் பாக்கறாங்க, ஆனா நான் இருந்த இடத்துல லேண்டிங் கொஞ்சம் பலமா விழுந்தா விளக்கம் எழுதி, சம்பளத்துலயும் கைவச்சாங்க. தப்ப மறைக்காம சொல்ற பழக்கத்த அது கெடுக்குது, இத நான் அங்கயே நேர்லயும் சொன்னேன்.

இப்ப முதல்ல சொன்ன விஷயம், தேவைப்படாத நாள். ஷென்சென்ல ஜேட் கார்கோன்னு ஒரு கம்பெனி இருந்துச்சு, ஷென்சென் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா கார்கோ, ஒரு ஜெர்மன் முதலீட்டு நிறுவனம் மூணும் சேர்ந்து 2004-ல தொடங்கினது, 747-400 கார்கோ விமானம் ஆறு, வெளிநாட்டு கேப்டன்ங்க நிறைய. பங்குதாரர் பட்டியல பாத்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. 2011 டிசம்பர் கடைசில பறக்கறத நிறுத்தினாங்க, திரும்ப எழும்பவே இல்ல. அதோட மூணு விமானம் வருஷக்கணக்குல நின்னு கிடந்து, 2017 நவம்பர்ல கோர்ட் உத்தரவுல டாவோபாவ்ங்கற சீன ஷாப்பிங் தளத்துல ஆன்லைன் ஏலத்துக்கு வந்துச்சு, ரெண்ட எஸ்எஃப் 32 கோடி யுவானுக்கு மேல குடுத்து எடுத்தாங்க. விமானத்துக்கு மறுவாழ்வு கிடைச்சுது, அத ஓட்டினவங்க அதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே ஆளுக்கொரு நாட்டுக்கு வேலை தேடி போயாச்சு. கிரேட் வால் ஏர்லைன்ஸ்னு ஒண்ணு, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கார்கோவும் கூட்டாளி, 2006-ல அமெரிக்கத் தடை விழுந்து மாசக்கணக்குல நின்னுச்சு, திரும்ப பறந்து, 2011-ல சைனா கார்கோ ஏர்லைன்ஸ்ல கரைஞ்சுடுச்சு.

என் கதை 2020. லீவுல மதுரைல இருந்தேன். மார்ச் 28-ல இருந்து விசா இருந்தாலும் வெளிநாட்டுக்காரங்க உள்ள வரக்கூடாதுன்னு சீனா மூடிடுச்சு. உலகத்துலயே கார்கோ கேப்டனுக்கு அவ்வளவு தேவை இருந்த நேரம் அது, மாஸ்க்கும் மருந்தும் ஏத்த விமானம் பத்தல, நான் மொட்டைமாடில நின்னுட்டு இருந்தேன். முதல்ல சம்பளம் இல்லாத லீவு, அப்புறம் ஒரு மெயில், முடிஞ்சுது. வாடகை வீட்டுல என் சாமான், அங்க பேங்க்ல கொஞ்சம் பணம், ரெண்டையும் மீட்க மூணு வருஷம் ஆச்சு, 2023 ஜனவரில தனிமைப்படுத்தல எடுத்த பிறகுதான். மத்த இடம் மட்டும் தங்கமா இருந்துச்சுன்னு சொல்லல. கேத்தே அதே வருஷம் அக்டோபர்ல 5,900 பேர வேலைய விட்டு அனுப்பி, மிச்ச பைலட்டுங்களுக்கு குறைஞ்ச சம்பளத்துல புது கான்ட்ராக்ட் நீட்டுச்சு, வளைகுடாவுலயும் கொத்துக் கொத்தா அனுப்பினாங்க. ஆனா ஹாங்காங்ல பைலட் சங்கம் இருக்கு. லக்ஸம்பர்க்ல சங்கத்துக்கு பலம் எவ்வளவுன்னா 2023 செப்டம்பர்ல ஸ்ட்ரைக்கே நடந்துச்சு, அந்த கார்கோலக்ஸ்லயும் 2014-ல இருந்து 35 சதவீதம் பங்கு சீனாவோட ஹெனான் மாகாண நிறுவனத்துது, முதலாளில ஒருத்தர் சீனான்னாலும் தொழிலாளி சட்டம் அந்த ஊர் சட்டம். ஏஜென்சி கான்ட்ராக்ட்ல வந்தவனுக்கு சண்டை போட ஒரு மேசை கூட கிடையாது. சென்னைல கூட லேபர் கோர்ட்டுக்கு ஆட்டோல போயிடலாம்.

இன்னைக்கு நிலைமைல சீன கேப்டன்ங்க நிறைய வந்துட்டாங்க, வெளிநாட்டுக்காரங்களுக்கு இடம் சுருங்கிடுச்சு, அதனால யாராவது "நிறைய வேகன்சி"ன்னா எந்த பேஸ் (எந்த ஊர்ல இருந்து பறக்கணும்), எந்த டைப், எழுத்துல குடுன்னு கேளுங்க. போக்குவரத்து நம்ம பாஸ்போர்ட்டுக்கு தனி தலைவலி, 2020-ல நின்ன இந்தியா சீனா நேரடி விமானம் 2025 அக்டோபர்லதான் கல்கத்தா குவாங்சோல இருந்து மறுபடி தொடங்குச்சு. நாலு வாரம் வேலை நாலு வாரம் வீடுன்னு கான்ட்ராக்ட்ல இருந்தா, வீட்டுக்கு வர ரெண்டு நாள் எந்த கணக்குல போகும்னு கேட்டு வாங்குங்க.

என் கருத்து இது. ரைட் சீட் தம்பிங்க ஹாங்காங்கோ வளைகுடாவோ போங்க, வயசு இருக்கும்போதே பெரிய விமான ரேட்டிங் கையில வரும், அது எந்த நாட்டுலயும் செல்லும். நாப்பது தாண்டின 757 கேப்டன், பசங்க ஸ்கூல் படிக்கறாங்க, அப்பா அம்மாவுக்கு முடியலன்னா சென்னை சீட்ட விடாதீங்க. கடன் இருக்கு, பசங்க காலேஜ் முடிச்சாச்சு, கேப்டன் மணி நிறைய இருக்குன்னா சீனா ஒரு கான்ட்ராக்ட் போலாம், மூணு வருஷம், நான் அடைச்ச கடன் அங்கதான் அடைஞ்சுது, அத மறுக்க மாட்டேன். போனா இந்திய லைசென்ஸையும் மெடிக்கலையும் ஒரு நாள் கூட காலாவதி ஆக விடாதீங்க, பறந்த மணிக்கு மாசா மாசம் கம்பெனி முத்திரை வாங்கி நகல் வீட்டுக்கு அனுப்பிடுங்க, சம்பளத்த வந்த வாரமே ஊருக்கு மாத்திடுங்க. ஒவ்வொரு லீவுக்கு கிளம்பும்போதும் லாக்புக் பெட்டியில இருக்கான்னு பாத்துட்டு கதவ பூட்டுங்க, நான் 2020-ல கிளம்பினப்ப என்னோடது அந்த ஊர் மேசை டிராயர்ல இருந்துச்சு.