சிகிச்சை மையமா, வீட்டுச் சூழலா?

குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபியை, அதாவது உண்ணுதல், உடுத்துதல் போன்ற அன்றாடச் செயல்களைத் தாமே செய்யப் பழக்கும் சிகிச்சையை, மையத்தில் பெறும்போது, ஊஞ்சல், பெரிய பந்து போன்ற சாதனங்களின் உதவியோடு குழந்தையின் புலனுணர்வையும் கைத்திறனையும் நிபுணர் நேரடியாக மதிப்பிட முடிகிறது. தொடக்க மதிப்பீட்டுக்கு அதுவே ஏற்றது. ஆனால் அங்கே கற்ற பொத்தான் போடும் திறன், பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் பல குழந்தைகளுக்குக் கைகூடுவதில்லை.

குடும்பத்தை மையமாகக் கொண்ட அணுகுமுறையிலோ, குழந்தை உண்ணும் தட்டு, உட்காரும் இடம், உறங்கும் நேரம், தாயின் களைப்பு, பாட்டியின் கவலை ஆகிய அனைத்தும் சிகிச்சைத் திட்டத்திற்குள் வந்துவிடுகின்றன. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கப்பட்ட, மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனமான அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற பணியாளர்களைக் கிராமத்து வீடுகளுக்கே அனுப்பி வருவது இதற்கு நல்ல சான்று. கூலி வேலையை விட்டுவிட்டு வாரந்தோறும் நகரத்திற்கு வர இயலாத பெற்றோருக்கு இந்த வழியையே பரிந்துரைப்பேன். எனினும், பயிற்சிகள் முழுவதையும் தாயின் தலையில் சுமத்தாமல் தந்தைக்கும் பங்கு வகுத்துத் தருவது நிபுணரின் கடமை.