திருநெல்வேலியில் ஒரு ரத்தப் பரிசோதனையும் இரண்டு பாட்டில்களும்

பொங்கல் முடிந்த மறுநாள் காலை 6 மணிக்கு வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஆச்சி இன்னும் கோலத்தை முடித்திருக்கவில்லை. தோளில் ஐஸ் பெட்டி மாட்டிய இளைஞர் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "அக்கா, தண்ணீர் தவிர வேறு எதுவும் குடிக்கவில்லையே?" என்று கேட்டார். ஒரே குத்தல்தான். ஊதா மூடி, மஞ்சள் மூடி, கறுப்பு மூடி என்று வரிசையாகக் குழாய்கள் நிறைந்தன. கறுப்பு மூடி இஎஸ்ஆர், அதாவது சிவப்பணுக்கள் படியும் வேகம், பார்க்க என்றார். மதியம் 2 மணிக்கு அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. நான் வசிக்கும் இங்கிலாந்தின் லெஸ்டரில் ரத்தம் எடுக்க நேரம் வாங்கவே பத்து நாள் காத்திருந்தவள் நான். அந்தத் தம்பியின் கைக்கு நூற்றுக்கு நூறு கொடுப்பேன்.

ஆனால் பரிசோதனைக் கூடத்தின் கவுன்டரில் நடந்தது வேறு. எனக்கு நான்கு ஆண்டுகளாக நாள்பட்ட இரைப்பை அழற்சி. ஊரில் எல்லோரும் அதை 'அல்சர்' என்றுதான் சொல்வார்கள். நானும் மறுப்பதை விட்டுவிட்டேன். வயிற்றுக்கு என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, எண்பதுக்கும் மேற்பட்ட சோதனைகள் கொண்ட 'முழு உடல்' பேக்கேஜை எடுத்து நீட்டினார்கள். "கூடவே சிஆர்பியும் சேர்த்துக்கொள்ளுங்கள் மேடம், வயிற்றில் அழற்சி எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்துவிடும்." அக்கா உடனே பணத்தைக் கட்டிவிட்டாள்.

சிஆர்பி லிட்டருக்கு 14 மில்லிகிராம், சிவப்பு எழுத்தில். இஎஸ்ஆர் 34, அதுவும் சிவப்பு. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி 'பாசிட்டிவ்'. அத்தான் அதைக் குடும்பக் குழுவில் போட, சாயங்காலத்துக்குள் தூத்துக்குடியிலிருந்து இரண்டு சித்திகள் துக்கம் விசாரிக்கும் குரலில் பேசிவிட்டார்கள். ஆச்சி பச்சை மிளகாய் போடாமல் சொதி வைத்தாள். மிளகாய் இல்லாத சொதியை விடச் சிஆர்பி மேல்.

பாளையங்கோட்டையில் ஒரு குடல் நோய் மருத்துவரிடம் போனோம். டோக்கன் 27. இரண்டரை மணி நேரம் காத்திருந்ததைக் குறையாகச் சொல்ல மனம் வரவில்லை. உள்ளே போனதும் அவசரமே காட்டாமல் பேசினார். முதல் கேள்வி வயிற்றைப் பற்றியே இல்லை. "விமானத்தில் வந்தபோது ஜலதோஷம் பிடித்ததா அம்மா?" பிடித்திருந்தது. தொண்டை அப்போதும் கரகரத்துக்கொண்டுதான் இருந்தது.

சிஆர்பி என்பது கல்லீரல் சுரக்கும் புரதம். 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்தது. தொண்டையில் கிருமி புகுந்தாலும் ஏறும், ஈறு வீங்கினாலும் ஏறும். எங்கிருந்து ஏறியது என்று சொல்லாது. நாள்பட்ட இரைப்பை அழற்சி உள்ள பலருக்கு அது இயல்பான அளவிலேயே இருக்கும் என்றார். ஆன்டிபாடியையும் ஒதுக்கிவிட்டார். 2021இல் மருந்து சாப்பிட்டு அழித்த கிருமி அது. கிருமி போன பிறகும் ஆன்டிபாடி ரத்தத்தில் நெடுநாள் தங்கிவிடுமாம். இஎஸ்ஆருக்கு ஒரு மனக்கணக்குப் போட்டார்: பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டிப் பாதியாக்க வேண்டும். எனக்கு 48 வயது, அப்படியானால் 29 வரை போகலாம். "உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் ரத்தசோகை இருந்தாலும் இது ஏறும்."

பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத முதல் பக்கத்துக்குப் போனார். ஹீமோகுளோபின் 10.1. சிவப்பணுவின் சராசரி அளவு 104, அதாவது அணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. பேக்கேஜில் இருந்தவற்றிலேயே மலிவான சோதனை அது. வைட்டமின் பி12 சோதனை எழுதிக் கொடுத்தார். இரைப்பை அமிலத்தை அடக்கும் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னார். மாத்திரை உள்ளே இருந்தால் கிருமி இருந்தாலும் சோதனையில் தப்பிவிடுமாம். ஊருக்கு வந்து வயிறு பார்த்துக்கொள்ள நினைப்பவர்கள் இந்த இரண்டு வாரத்தைப் பயணக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு வார விடுப்பு இருந்ததால் நான் பிழைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து மருத்துவமனைக் கூடத்தில் மறுபடி சிஆர்பி. 0.3 என்று வந்தது. லெஸ்டரிலிருந்து கணவர் "14லிருந்து 0.3!" என்று குதித்தார். அறிக்கையை உற்றுப் பார்த்தால் இங்கே அலகு டெசிலிட்டர். முன்பு பார்த்த லிட்டர் கணக்கில் அது 3. இயல்பான அளவுதான், ஆனால் அவர் குதித்த அளவுக்கு இல்லை. இரண்டு கூடங்களில் எடுத்த அறிக்கைகளை ஒப்பிடும்போது எண்ணுக்குப் பக்கத்தில் பொடியாக அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். ஜலதோஷத்தோடு சிஆர்பி இறங்கிவிட்டது; இஎஸ்ஆர் மட்டும் 32இல் நின்றது. பி12 மிகக் குறைவு.

எண்டோஸ்கோபி பத்து நிமிட வேலை. தொண்டை மரக்க அடித்த மருந்தின் கசப்புதான் ராத்திரி வரை நாக்கில் இருந்தது. இரைப்பையின் மேல் பகுதியிலிருந்தும் கீழ்ப் பகுதியிலிருந்தும் தனித்தனியாகத் திசுத் துணுக்கு எடுத்து, ஃபார்மலின் ஊற்றிய இரண்டு சிறு பாட்டில்களில் போட்டார்கள். அவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பது நோயாளி வீட்டாரின் வேலையாம். அத்தான் ஜவுளிக்கடை மஞ்சள் பையில் அவற்றை வைத்து, இரண்டு தெரு தள்ளியிருந்த நோய்க்குறியியல் கூடத்துக்கு நடந்தார். பாட்டில் ஒன்றில் ஒட்டியிருந்த சீட்டு பாதி உரிந்திருந்ததை அங்கே போய்த்தான் கவனித்திருக்கிறார். பொறுப்பாகத் திரும்பி வந்து நர்ஸிடம் புதிதாக எழுதி ஒட்டி வாங்கிப் போனார். அது மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும், ஏனென்றால் அழற்சி மேல் பகுதியில் மட்டும்தான் இருந்தது. கிருமி இல்லை. அமிலம் சுரக்கும் செல்கள் நலிந்திருந்தன. அந்தச் செல்களையே எதிர்க்கும் ஆன்டிபாடி என் ரத்தத்தில் இருந்தது. உடலே தன் இரைப்பையைத் தாக்கும் வகை. பி12ஐ உடல் உறிஞ்சத் தேவையான புரதமும் அதே செல்களிலிருந்து வருவதுதான்.

அமிலமே சரியாகச் சுரக்காத வயிற்றுக்கு நான்கு ஆண்டுகளாக அமிலத்தை அடக்கும் மாத்திரை போட்டு வந்திருக்கிறேன். மருத்துவர் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை, நான்தான் சிரித்துவிட்டேன்.

பி12 ஊசியைத் தெருமுனைக் கிளினிக்கில் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டேன். கிளம்பும் முன் திசுக் கண்ணாடித் தகடுகளையும் திசு பதித்த மெழுகுக் கட்டியையும் கையெழுத்துப் போட்டு வாங்கி, உள்ளங்கை அகல அட்டைப்பெட்டியில் வைத்து, கைப்பையிலேயே எடுத்து வந்தேன். லெஸ்டர் மருத்துவமனையில் 9ஆம் தேதி காட்ட வேண்டும்.