அக்ரிகோலாவா, பிளினியா?

ரோமில் பெரிய பதவிக்கு இரண்டு வழி. செனட்டர் வகுப்பில் பிறந்த அக்ரிகோலாவுக்குப் படிக்கட்டு தயாராக இருந்தது: இளம் ராணுவ அதிகாரி, ஆசியா மாகாணத்தில் நிதி அதிகாரி, 20-ஆம் லீஜியன் (பெரும்படைப் பிரிவு) தளபதி, கான்சல் என்ற உச்சப் பதவி, பிரிட்டன் ஆளுநர்.

மூத்த பிளினி செனட்டருக்கு அடுத்தபடியான ஈக்வெஸ்ட்ரியன் வகுப்பு. ஜெர்மானியாவில் குதிரைப்படைத் தலைவர். அப்புறம் ஸ்பெயினில் பேரரசரின் நிதிப் பொறுப்பு, கடைசியில் இத்தாலியின் மிசேனம் துறைமுகத்தில் கடற்படைத் தளபதி. நடுவே எழுத்து வேறு! இந்திய வணிகத்தில் ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) போகிறதே என்று புலம்பியவர், முசிறியையும் குறித்திருக்கிறார். எனக்கு இவர்தான் பிடித்தவர்.

ஜெர்மனியின் க்ஸாண்டனில் கிடைத்த, வெள்ளி முலாம் பூசிய குதிரையணியில் பிளினியின் பெயர் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கிறது. இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் கிடைத்த ஈயக் குழாயில் அக்ரிகோலாவின் பெயர், ஆண்டு கி.பி. 79. அதே ஆண்டுதான் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது மக்களை மீட்கக் கப்பலில் போன பிளினி இறந்தார்.