எழும்பூரா, கோட்டூர்புரமா? சென்னைக் குழந்தைகளுக்கு எந்த இடம் சரி

நான்கு வயதில் ஒரு பிள்ளையும் ஒன்பது வயதில் ஒரு பிள்ளையும் இருக்கிற சென்னை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஒரே கேள்விதான்: எங்கே போகலாம்? மால் என்றால் பர்ஸ் காலி. பீச் என்றால் பத்து மணி வெயில் தாங்காது. காசு அதிகம் இல்லாமல், பிள்ளைகளுக்கு உருப்படியாக ஏதாவது கிடைக்க வேண்டும் என்றால் மூன்று இடங்கள் உண்டு. எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகத்திலுள்ள சிறுவர் அருங்காட்சியகம் ஒன்று. கோட்டூர்புரம் அறிவியல் மையமும் அதோடு சேர்ந்த பிர்லா கோளரங்கமும் இன்னொன்று. அங்கிருந்து கொஞ்ச தூரத்திலேயே அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவு. மூன்றுமே அரசு இடங்கள்.

எதை வைத்து ஒப்பிடுவது? குழந்தைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் முதன்முதலில் 1899-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் வந்தது. 1913-ல் பாஸ்டனில் இன்னொன்று. அந்த பாஸ்டன் அருங்காட்சியகத்துக்கு 1962-ல் மைக்கேல் ஸ்பாக் என்பவர் இயக்குநராக வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்ததையெல்லாம் பிள்ளைகள் கையில் கொடுக்கத் தொடங்கினார். உலகம் முழுக்க இன்று குழந்தைகள் அருங்காட்சியகம் என்றால் தொட்டு, திருகி, ஏறி, இறங்கிப் பார்க்கிற இடம் என்று ஆனதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நானும் அதைத்தான் அளவுகோலாக வைக்கிறேன். பிள்ளை தொடலாமா? தன் போக்கில் நேரம் எடுத்துக்கொள்ளலாமா? அப்புறம், அந்தக் குடும்பத்தால் அடுத்த வாரமும் வர முடியுமா?

எழும்பூரில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் பொக்கிஷம் அங்கேதான் இருக்கிறது. 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. 1855-ல் அதன் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் அதே வளாகத்தில் விலங்குக் காட்சிசாலையையும் ஆரம்பித்தார். பழைய மெட்ராஸ்காரர்கள் விலங்குகள் இருந்த இடத்தை உயிர் காலேஜ் என்றும், அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் சொல்வார்கள். படிக்கத் தெரியாதவர்களும் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து பார்த்த இடம் அது. இன்றைக்கும் வெளியூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கும் குடும்பங்கள் பையோடு உள்ளே போவதைப் பார்க்கலாம். திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே நிற்கிற பிள்ளை தலையை அண்ணாந்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தே அளக்கிறது. இந்த அனுபவத்தை எந்தத் திரையாலும் தர முடியாது.

ஆனால் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய கட்டடத்துக்குள் போனால் மனசு இறங்கிவிடுகிறது. பலவகை உடையணிந்த பொம்மைகள், பழைய நாகரிகங்களைக் காட்டும் மாதிரிகள், எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால். பார்க்க அழகுதான். நான்கு வயதுப் பிள்ளை கண்ணாடியில் மூக்கை அழுத்தி ஒரு நிமிடம் நிற்கும், பிறகு வெளியே ஓடும். விவரப் பலகையை வாசிக்கிற வயது அதற்கு இன்னும் வரவில்லை. அம்மாவோ அப்பாவோ கதையாகச் சொன்னால் சரி, இல்லாவிட்டால் ஒன்றும் ஒட்டாது.

எனக்கு இதில் உண்மையான ஆதங்கம் உண்டு. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆய்வே அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. அவர் பல ஊர்களில் சேகரித்த கற்கருவிகள் பின்னாளில் இந்த எழும்பூர் அருங்காட்சியகத்துக்கே வந்து சேர்ந்தன. அந்தக் கற்கோடரிக்கு ஒரு நகல் செய்து, பல்லாவரத்திலிருந்து வரும் ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் கூர், எந்தப் பக்கம் பிடி என்று அது தானே திருப்பிப் பார்த்துக் கண்டுபிடிக்கும். அதே வளாகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. முதலில் மெழுகில் உரு செய்து, மேலே மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிற முறையை சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் கைவிடவில்லை. பிள்ளைகள் கையில் ஒரு உருண்டை மெழுகும் களிமண்ணும் கொடுத்தால், உலோகம் ஊற்றாமலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். பெரிய பட்ஜெட் கேட்கிற வேலை இல்லை இது.

கோட்டூர்புரம் அறிவியல் மையத்தின் சுபாவமே வேறு. பொத்தானை அழுத்து, நெம்பு, இழு என்று அந்த இடமே கூப்பிடுகிறது. கப்பியையும் நெம்புகோலையும் பாடப்புத்தகத்தில் படமாக மட்டும் பார்த்த எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1988-ல் திறந்த பிர்லா கோளரங்கத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்சிகள் உண்டு. தமிழ்க் காட்சிக்கே போங்கள் என்பேன். பாட்டியும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே வாக்கியத்தை ஒரே நேரத்தில் புரிந்துகொள்வது சின்ன விஷயம் இல்லை. நகர வெளிச்சத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே நட்சத்திரம் பார்த்த பிள்ளைகள், அந்தக் கூரை முழுக்க வானம் வந்ததும் கத்திவிடுகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளை மட்டும் இருட்டுக்குப் பயந்து அழக்கூடும். காட்சி நடுவே எழுந்து வெளியே வருவதும் சிரமம். சின்னதுகளை மடியில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் கதவோரமாக உட்காருவது நல்லது.

நூலகத்தை அருங்காட்சியகங்களோடு ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். ஒப்பிட்டே ஆக வேண்டும், ஏனென்றால் நான் கேட்ட மூன்று கேள்விக்கும் ஆமாம் என்று பதில் சொல்வது அதுதான். 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் முதல் தளத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு பிரிவு. நடுவே ஒரு செயற்கை மரம். கைக்கு எட்டும் உயரத்தில் புத்தகங்கள். எடுக்கலாம், புரட்டலாம், பாதியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கலாம். உட்கார்ந்து படிக்க நுழைவுச்சீட்டு கிடையாது. அதனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டுமென்று யாரும் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுவதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அக்கா தன் புத்தகத்தோடு வேறொரு தளத்துக்குப் போய்விடலாம், தம்பி மரத்தடியில் படம் பார்த்துக்கொண்டிருக்கலாம். இந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக 2011-ல் அறிவிப்பு வந்ததும், சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும் பலருக்கு நினைவிருக்கும். நல்லவேளை, நூலகம் தப்பியது.

என் தீர்ப்பு இதுதான். ஆறு வயதுக்குக் கீழே என்றால் நூலகம், அதுவும் அடிக்கடி. ஏழிலிருந்து பத்து வரை அறிவியல் மையம். இந்த இரண்டு வயதுப் பிரிவிலும் பிள்ளைகள் இருந்தால் கோட்டூர்புரத்திலேயே பெற்றோர் ஆளுக்கொருவராகப் பிரிந்துகொள்ளலாம். எழும்பூருக்கு, கதை சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவரோடு போங்கள். சிறுவர் கட்டடத்தை வேகமாகப் பார்த்துவிட்டு, திமிங்கலத்துக்கும் செப்புத் திருமேனிகளுக்கும் கற்கருவிகளுக்கும் நேரத்தை மிச்சம் வையுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் கிளம்பிவிடாதீர்கள், அன்றைக்கு அங்கே விடுமுறை.