தப்பாகப் போட ஒரு இடம்: டியூஷனா, நேரலை வகுப்பா, பதிவுப் பாடமா?

போன வருடம் ஜூன் மாதம் வீட்டில் ஒரே பேச்சு இதுதான். பெரியவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள், ஆங்கில வழி, மாநிலப் பாடத்திட்டம். எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சையில் கணக்கில் 41. மார்க்கை விட அவள் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை உறுத்தியது: "எனக்குக் கணக்கு வராதும்மா." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. தலைமுடி சுருட்டை என்று சொல்வதைப் போல, மாற்ற முடியாத ஒன்றாகச் சொன்னாள்.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. தெருமுனையில் ஒரு டியூஷன் சென்டர். நேரலையாக நடக்கும் ஆன்லைன் வகுப்பு. மூன்றாவது, கான் அகாடமி மாதிரியான இணையதளத்தில் இருக்கும் பதிவுப் பாடமும் (முன்பே எடுத்து வைத்த வீடியோ) பயிற்சியும். பத்து மாதத்தில் மூன்றையும் பார்த்தாகிவிட்டது. இப்போது வீட்டில் ஓடுவது மூன்றாவது. அதனால் நான் எந்தப் பக்கம் சாய்ந்து எழுதப் போகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

செலவை முதலில் முடித்துவிடலாம். டியூஷன் மாதம் 800 ரூபாய். நேரலை வகுப்பு தனியாள் என்றால் மணிக்கு 350, பத்துப் பேர் சேர்ந்தது என்றால் மாதம் 1,500. கான் அகாடமி இலவசம், வீட்டு பிராட்பேண்ட் செலவு மட்டும். போக வர நேரம், மழை, இருட்டியபின் அனுப்புவது எல்லாம் உங்களுக்கே தெரியும். இதையெல்லாம் வைத்து மட்டும் முடிவெடுத்திருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை.

டியூஷனில் இரண்டு மாதம் படித்தாள். சார் நல்ல மனிதர், பாடமும் தெளிவாகத்தான் நடத்துவார். ஆனால் சனிக்கிழமை தோறும் ஸ்லிப் டெஸ்ட். பேப்பர் கொடுக்கும்போது அதிக மார்க்கில் தொடங்கிக் குறைந்த மார்க்கில் முடிப்பார். நம்மில் பலரும் இப்படிப் பேப்பர் வாங்கித்தான் வளர்ந்தோம், நன்றாகப் படிக்கிறவனுக்கு அது ஒரு உந்துதல்கூட. கடைசி மூன்று பேரில் ஒருத்தியாக எட்டு வாரம் உட்கார்ந்தவளுக்கு? அவள் சந்தேகம் கேட்பதை நிறுத்திவிட்டாள். பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். நோட்டு மட்டும் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

நான் கடைசியில் முடிவெடுத்தது ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான்: பிள்ளை தப்பாகப் போடும்போது அது யார் கண்ணில் படுகிறது?

ஒரு நாள் அவளுடன் உட்கார்ந்து மீதித் தேற்றக் கணக்கு ஒன்றைப் போடச் சொன்னேன். x³ − 3x² + 5, இதில் x-க்குப் பதில் −2. தேற்றத்தை மனப்பாடமாக ஒப்பித்தாள். விடை 9 என்று எழுதினாள். சரியான விடை −15. தேடிப் பார்த்தால், −2-ஐ வர்க்கம் எடுத்து −4 என்று எழுதியிருக்கிறாள். ஒன்பதாம் வகுப்புப் பாடம் அவளுக்குப் புரியாமல் இல்லை. ஏழாம் வகுப்பு முழுக்களில், அதாவது பிளஸ், மைனஸ் எண்கள் கணக்கில், ஒரு ஆணி கழன்றிருக்கிறது. அந்த ஆணியை டியூஷனில் எப்படி இறுக்குவது? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தைந்து பேர் நடுவில் எழுந்து, "சார், மைனஸை மைனஸால் பெருக்கினால் என்ன வரும்?" என்று எந்தப் பிள்ளை கேட்கும்? நான் கேட்டிருக்க மாட்டேன்.

பதிவுப் பாடத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் ஏழாம் வகுப்புக்குத் திரும்பிப் போகலாம். ஒரு பயிற்சியில் சில கேள்விகள்தான், பெரும்பாலும் நாலு அல்லது ஏழு. தப்பானால் தப்பு என்று சொல்லும், அவ்வளவுதான், மறுபடி முயலலாம். குறிப்பு கேட்டால் படிப்படியாகக் காட்டும், ஆனால் அந்தக் கேள்வியைச் சரியாகப் போட்டதாகச் சேர்த்துக்கொள்ளாது. மீண்டும் அதே பயிற்சிக்குப் போனால் எண்கள் மாறியிருக்கும், விடையை உருப்போட்டுத் தப்பிக்க முடியாது. முழுக்கள் பயிற்சியைப் பெரியவள் ஒரே வாரத்தில் பதினோரு தடவை போட்டிருக்கிறாள். டியூஷனில் ஒரே கணக்கைப் பதினோரு தடவை தப்பாகப் போட எந்த வாத்தியார் பொறுமையாகக் காத்திருப்பார்? வாத்தியாரை விடுங்கள், நானே மூன்றாவது தடவை கத்தியிருப்பேன்.

இந்தக் கூச்சம் எங்கள் வீட்டு விஷயம் மட்டுமல்ல. கான் அகாடமி தொடங்கிய கதையிலும் இதுதான் வருகிறது. அதை நிறுவிய சல்மான் கான் (இந்தி நடிகர் இல்லை, இவர் வேறு) 2004-ல் தன் உறவுக்காரப் பெண் நாதியாவுக்குத் தொலைவிலிருந்தே கணக்கு சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். 2006-ல் யூடியூபில் வீடியோ போட ஆரம்பித்தபின், நேரில் சொல்லிக் கொடுப்பதைவிட வீடியோவே பிடித்திருக்கிறது என்று அவரிடம் படித்த உறவுக்காரப் பிள்ளைகள் சொன்னதாக அவரே பின்னால் ஒரு மேடையில் சொல்லியிருக்கிறார். காரணம், நிறுத்தலாம், திரும்பப் பார்க்கலாம், 'புரிந்ததா, புரிந்ததா' என்று யாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

உளவியலில் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் எழுதியதும் இங்கே பொருந்துகிறது. 'என்னால் முடியும்' என்ற எண்ணம் நான்கு வழிகளில் வருகிறது என்றார்: தானே செய்து ஜெயிப்பது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்து உடல், மனப் படபடப்பு. இவற்றில் முதலாவதுதான் வலுவானது என்பது அவர் கட்சி. நாங்கள் மூன்றாவதை மட்டும் வருடக்கணக்காகச் செய்துகொண்டிருந்தோம். "உன்னால் முடியும்டி, நீ புத்திசாலி" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். பதினோராவது தடவை எல்லாக் கேள்வியும் சரியாக வந்த அன்று அவளாக வந்து டேப்லெட்டைக் காட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நேரலை வகுப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நாங்கள் பத்துப் பேர் சேர்ந்த வகுப்பை ஒரு மாதம்தான் பார்த்தோம், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளியே எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவை அணைத்து, மியூட்டில் உட்கார்ந்தால் பிள்ளை இருக்கிறதா தூங்குகிறதா என்றே தெரியாது. ஒரு நல்லது, டீச்சருக்கு மட்டும் போகிறமாதிரி சாட்டில் எழுதிக் கேட்கலாம். வாய் திறந்து கேட்காதவள் அதில் இரண்டு தடவை கேட்டாள். தனியாள் வகுப்பு இன்னும் நன்றாக இருந்திருக்கலாம். வாரம் இரண்டு மணி என்றாலே மாதம் 2,800 வருகிறது, நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

சரி, மூன்றாவது வழியின் ஓட்டைகளையும் சொல்ல வேண்டும். பெரிய ஓட்டை, கையால் எழுதுவது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்கு 100 மார்க்: ஒரு மார்க் 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, அப்புறம் வடிவியலிலும் வரைபடத்திலும் எட்டு மார்க் ஒவ்வொன்று. ஒரு மார்க் கேள்விகளை விட்டால் மீதி 86-ம் எழுதிக் காட்டியோ வரைந்து காட்டியோ வாங்க வேண்டியவை. திரையில் விடையை மட்டும் தட்டிப் பழகிய பிள்ளைக்கு ஸ்டெப் எழுத வராது. செப்டம்பர் காலாண்டில் பெரியவள் விடையெல்லாம் சரியாகப் போட்டு, நடுப் படிகளைத் தாவி, ஸ்டெப் மார்க்கை இழந்தாள். அதிலிருந்து ஒரு விதி வைத்தோம்: திரையில் விடை தட்டுமுன் ரஃப் நோட்டில் முழுதாக எழுத வேண்டும். காம்பஸ் பிடித்து முக்கோணம் வரைவதைத் திரை சொல்லித் தரும் என்று நான் நம்பவில்லை.

அடுத்தது, எல்லாப் பிள்ளைக்கும் இது சரிவராது. தங்கை மகனுக்கும் இதையே சொன்னேன். பத்து நாளில் டேப்பில் கிரிக்கெட் ஹைலைட்ஸ் ஓடியது. அவனுக்கு யாராவது எதிரில் உட்கார வேண்டும். டியூஷனில் அவன் நன்றாகவே இருக்கிறான், போட்டி என்றால் அவனுக்கு உற்சாகம். தமிழ் வழிப் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, பாடப் புத்தகத்திலேயே கியூஆர் குறியீடு இருக்கிறது, பாடத்தைத் திரும்பப் பார்க்க வசதிதான். ஆனால் நான் மேலே சொன்ன பலன் வீடியோ பார்ப்பதில் வந்ததல்ல, தப்பாகப் போட்டுத் திருத்தியதில் வந்தது. வீடியோவோடு நிறுத்தினால் பாதிக் கிணறுதான்.

வீட்டில் தனியாகத் தப்பு செய்து பழகியவள் வகுப்பில் கை தூக்குவாளா என்பதுதான் எனக்கு இருந்த பெரிய கேள்வி. உடனே தூக்கவில்லை. பிப்ரவரியில் ஒரு நாள் பள்ளியில் மிஸ் கரும்பலகைக்குக் கூப்பிட்டபோது போய்ப் போட்டிருக்கிறாள், நடுவில் ஒரு குறியைத் தப்பாக எழுதி, தானே அழித்துத் திருத்தியிருக்கிறாள். இதை அவள் சாப்பிட்டுக்கொண்டே போகிற போக்கில் சொன்னாள். ஒருவேளை வயது கூடியதாலும் இருக்கலாம், புது மிஸ் காரணமாகவும் இருக்கலாம். ஒரே பிள்ளையை வைத்து நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

முழுப் பரீட்சையில் 67. பத்தாம் வகுப்புக்கு என்ன செய்வது என்று பேசினோம். வார நாட்களில் பழையபடி ரஃப் நோட்டும் டேப்பும். ஞாயிறு காலை மட்டும் அதே டியூஷன் சாரிடம் மூன்று மணி நேர மாதிரித் தேர்வு எழுத அனுப்பப் போகிறோம், அதற்கு மாதம் 300. பேப்பரைக் கவரில் போட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். சிரித்தார், அப்புறம் சரி என்றார்.